‘வந்து’ மீது என்ன குற்றம்?

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டங்களில் ஒருவருக்கு விசித்திரமான வேலை ஒன்று உண்டு. மேடையில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்பது அவருக்கு முக்கியம் இல்லை. எத்தனை ‘ஆ’, எத்தனை ‘ம்ம்’, எத்தனை ‘ஸோ’, எத்தனை ‘யு நோ’ என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் முடியும்போது எழுந்து நின்று கணக்கை வாசிக்க வேண்டும். ‘ஆ-கவுன்ட்டர்’ என்பது அந்தப் பொறுப்பின் பெயர். சில மன்றங்களில் ஒரு ‘ஆ’வுக்கு இவ்வளவு காசு என்று அபராதமும் உண்டு. 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. இன்று சென்னையிலும் கோவையிலும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அந்தக் கிளைகளைவிட அதன் மனப்பான்மைக்குக் கிளைகள் அதிகம்.

கல்லூரி இறுதியாண்டில் நடக்கும் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பில், வங்கி வேலைக்கான நேர்முகப் பயிற்சியில், மேடைப்பேச்சு கற்றுத்தரும் கையேட்டில், பள்ளிப் பேச்சுப்போட்டியில் நடுவராக உட்கார்ந்திருப்பவரின் புருவ நெரிப்பில், எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்புதான். ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’, ‘என்ன சொல்றேன்னா’, ‘புரியுதுங்களா’ எல்லாம் பேச்சில் முளைத்த களை. பிடுங்கி எறிந்தால்தான் பயிர் தெரியும். மூச்சுக்கு முந்நூறு தரம் ஒரே சொல்லைச் சொல்கிறவர் வீட்டில் கேலிப்பொருள், வேலைக்கான நேர்காணலில் தோற்றுப்போகிறவர்.

குற்றச்சாட்டைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கிடைக்கும். இந்தச் சொற்களுக்குப் பொருள் இல்லை. இவற்றைச் சொல்கிறவருக்குச் சிந்தனையில் தெளிவில்லை. இவை மொழியைக் கெடுக்கின்றன. மூன்றும் தவறு. முதலாவது, தமிழ் இலக்கணம் படித்தவர்கள் வாயிலிருந்து வரவே கூடாத தவறு.

தனக்கென்று பொருள் இல்லாத சொல் மொழியில் இருப்பதைத் தொல்காப்பியம் குற்றமாகப் பார்க்கவில்லை. சொல்லதிகாரத்தின் ஏழாவது இயலான இடையியலில், வேற்றுமை உருபையும் உவம உருபையும் வரிசைப்படுத்தும் அதே பட்டியலில் அசைநிலைக்கும் இசைநிறைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னிலையில் வரும் அசைகள் எவை, எல்லா இடத்துக்கும் பொதுவான அசைகள் எவை என்று பிரித்தே சொல்கிறது. செய்யுளில் வரும் ‘அரோ’வுக்கும் ‘மாதோ’வுக்கும் இலக்கணக் குறிப்பு கேட்டால், ‘அசை’ என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண். அதே பிள்ளை மேடையேறி ‘வந்து’ என்றால் மதிப்பெண் போச்சு. செய்யுளில் இருப்பது ஓசைக்காக, பேச்சில் இருப்பது வேறு எதற்காகவோ என்று சொல்லலாம். சரி, அந்த ‘வேறு எது’ என்ன என்று தேடவாவது வேண்டாமா? தேடாமலே பிடுங்கச் சொல்கிறார்கள்.

உடனே இன்னொரு வாதம் வரும். ‘கூறியது கூறல்’, ‘மிகைபடக் கூறல்’, ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்று பத்துக் குற்றங்களைச் சொல்வதும் அதே நன்னூல்தானே? ஆம், சொல்கிறது. யாருக்கு? நூல் எழுதுகிறவருக்கு. பாயிரத்தில், நூலின் இலக்கணத்தை விளக்கும் இடத்தில் வரும் பட்டியல் அது. எழுதுகிறவருக்கு அடித்துத் திருத்த நேரம் உண்டு. படிக்கிறவர் எப்போது கொட்டாவி விடுகிறார் என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. பாதி வாக்கியத்தில் யாரும் குறுக்கே புகுந்து ‘அதெல்லாம் இல்லப்பா’ என்று சொல்லப்போவதும் இல்லை. அவருக்கு விதித்ததை டீக்கடையில் நின்று பேசுகிறவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? வள்ளுவரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ‘பயனில சொல்லாமை’ அதிகாரம் சாடுவது பயனற்ற பேச்சை. பயனுள்ள பேச்சுக்கு நடுவே வந்துபோகும் ‘அதாவது’வை அது தொடவில்லை. ஒரு ‘வந்து’ கூட இல்லாமல், அட்சரசுத்தமாக ஒரு மணி நேரம் வெட்டிப்பேச்சுப் பேச முடியும். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் கேட்கலாம்.

பேச்சில் இந்தச் சொற்கள் செய்யும் வேலை நேரத்தோடு தொடர்புடையது. உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. டேனிஷ், இத்தாலியம், ஜப்பானியம், கொரியம், லாவோ என்று பல வகைப்பட்ட மொழிகள். தமிழ் அதில் இல்லை. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாய்க்குக் கொண்டுவரவே மனித மூளைக்கு அதைப்போல மூன்று மடங்கு நேரம் வேண்டும். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் முழு வாக்கியத்துக்கு? ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம்முடையதைத் தயார் செய்கிறோம். பாதி தயாரான நிலையிலேயே வாயைத் திறக்கிறோம். அந்த நேரத்தில் வெறுமனே மௌனமாக இருந்தால் எதிரே இருப்பவர் ‘இவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பேச்சைப் பிடுங்கிக்கொள்வார். ‘அது வந்து...’ என்று இழுத்தால், முறை என்னுடையது, இதோ சொல்கிறேன், கொஞ்சம் பொறு என்று புரிந்துகொள்வார். இவ்வளவையும் இரண்டு அசையில் சொல்ல முடிகிற சொல்லைப் பொருளற்றது என்கிறோம்.

தமிழில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது. ‘அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போன வருஷம் வாங்கின பணத்த’ என்று ஒருவர் தொடங்கினால், திருப்பிக் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா, கொடுத்ததாகக் கேள்வியா என்பது கடைசிச் சொல் விழும்வரை தெரியாது. ‘என்று சொன்னார்’, ‘என்று நினைக்கிறேன்’, ‘என்று எனக்குப் படுகிறது’ எல்லாம் வால் பக்கம்தான். கேட்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். பேசுகிறவர் அதுவரை அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். இப்போது ‘நான் என்ன சொல்றேன்னா’ என்பதைக் கவனியுங்கள். வால் பக்கம் வரவேண்டிய ‘சொல்கிறேன்’ தலைப்பக்கம் வந்துவிட்டது. இனி வரப்போவது என்னுடைய கருத்து, மறுக்க வேண்டுமானால் மறுக்கலாம் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ‘என்ன ஆச்சுன்னா’ என்றால் கதை வருகிறது. ‘எதுக்குச் சொல்றேன்னா’ என்றால் காரணம் வருகிறது. ‘இதுல என்ன கொடுமைன்னா’ என்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. எழுத்துத் தமிழின் வாக்கிய அமைப்பு தராத ஒரு வசதியைப் பேசுகிறவர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை.

‘பாத்தீங்கன்னா’வின் வேலை வேறு. ‘வெங்காய வெல பாத்தீங்கன்னா’, ‘எங்க ஊர்ல பாத்தீங்கன்னா’ என்று சொல்லும்போது யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. இனி பேச்சு இதைப் பற்றி என்று ஒரு தலைப்பு வைக்கப்படுகிறது. நேரலையில் நிற்கும் தொலைக்காட்சிச் செய்தியாளர் நிமிடத்துக்கு நாலு ‘பாத்தீங்கன்னா’ போடுகிறார் என்று கேலி செய்யாதவர் இல்லை. கையில் எழுதிவைத்த தாள் கிடையாது. காதில் ஒரு குரல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் கூட்டம் இடிக்கிறது. வெள்ளத்திலிருந்து நிவாரண முகாமுக்கும், முகாமிலிருந்து அமைச்சர் வருகைக்கும் தாவ வேண்டும். எழுதுகிறவர்கள் பத்தி பிரித்துச் செய்யும் வேலையை அந்த மனிதர் மூச்சிரைக்க வாயால் செய்கிறார். ஸ்டூடியோவில் உட்கார்ந்து திரையில் ஓடும் எழுத்தை வாசிக்கிறவருக்கு ‘பாத்தீங்கன்னா’ தேவைப்படாததில் வியப்பில்லை. அவருடைய பத்திகளை வேறு யாரோ பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

‘வந்து’வும் கண்ட இடத்தில் விழுவதில்லை. ‘எங்கப்பா வந்து வாத்தியாரு’ என்பார்கள். ‘எங்கப்பா வாத்தியாரு வந்து’ என்று முடித்தால் சிரிப்பார்கள். எதைப் பற்றிப் பேச்சோ அதற்குப் பின்னால், என்ன சொல்லப்போகிறோமோ அதற்கு முன்னால் என்று அதற்கு இடம் குறித்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அத்தனை பேரும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு உள்ள ஒன்றை உளறல் என்று சொல்வதுதான் உளறல்.

கேட்பவர் பக்கமும் இதே கதைதான். கதை கேட்கும் குழந்தை ‘உம்’ கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். தூங்கிவிட்டதா, கவனம் எங்கேயோ போய்விட்டதா என்று பார்ப்பாள். தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் இது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. கதை பாடும் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் குடமும் உடுக்கும் வைத்திருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். அந்த ‘ஆமா’வில் புதிய தகவல் ஒன்றுகூட இல்லை. அதை நீக்கிவிட்டு ஒரு வில்லுப்பாட்டை நடத்திப் பார்க்கட்டும். கோயில் கொடைக்கு வந்த கூட்டம் பாதிக் கதையில் எழுந்து போய்விடும்.

களையெடுப்பு ஆபத்தாக மாறும் இடம் ஒன்று உண்டு. குற்றவியல் வழக்குகளில் சாட்சி சொல்வதைக் கேள்வி, பதில் என்று அப்படியே எழுதுவது வழக்கம் இல்லை. பொதுவாகத் தொடர் விவரிப்பாகத்தான் பதிய வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 276ஆவது பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. வேண்டுமானால் நீதிபதி கேள்வி-பதிலாகவும் பதியலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் கூண்டில் நிற்கும் ஒருவர், ‘அவரு வந்து... கையில என்னமோ வச்சிருந்த மாதிரி இருந்துச்சுங்க... கத்தின்னுதான் நெனைக்கிறேன்’ என்று சொல்வது, ‘அவர் கையில் கத்தி வைத்திருந்தார்’ என்று தாளில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல நடை வேண்டும் என்று நினைக்கும் எந்த எழுத்தரும் செய்யக்கூடியதுதான். ‘வந்து’ போய்விட்டது, ‘மாதிரி’ போய்விட்டது, ‘நெனைக்கிறேன்’ போய்விட்டது. அவற்றோடு ஒரு மனிதனின் விடுதலையும் போயிருக்கலாம். அதே பழைய சட்டத்தின் 280ஆவது பிரிவு, சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொண்ட விதம் பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்றது. சொல்லும் விதமும் சாட்சியத்தோடு சேர்ந்தது என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளருக்குத்தான் தெரியவில்லை. ‘அடிச்சான்’ என்பதற்கும் ‘அடிச்சானாம்’ என்பதற்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு ‘ஆம்’, சொல்கிறவர் கண்ணால் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். நேரில் கண்டதையும் கேட்டதையும் பிரிக்கச் சாட்சியச் சட்டம் பத்தி பத்தியாக மெனக்கெடுகிறது. நம் ஊரில் ஆடு மேய்க்கும் கிழவி அதை ஒரே அசையில் முடித்துவிடுகிறாள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, தெளிவில்லாதவர்களின் அடையாளம் என்பது. ஆங்கிலப் பேச்சை வைத்து இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய இருவரும் 2002இல் எழுதிய கட்டுரையில், ‘அஹ்’, ‘அம்’ ஆகிய இரண்டும் தற்செயலான ஒலிகள் இல்லை, சிறிய தாமதத்துக்கு ஒன்று, பெரிய தாமதத்துக்கு மற்றொன்று என்று பேசுகிறவர்கள் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்று வாதிட்டார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை, இருக்கட்டும். 2004இல் வந்த இன்னொரு சோதனையில், பேசுகிறவர் தயங்கினால் கேட்பவரின் கண் அதுவரை பேச்சில் வராத புதிய பொருளின் பக்கம் திரும்பியது. தயக்கம் கேட்பவரைக் குழப்பவில்லை, உதவியிருக்கிறது. 2014இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பென்னபேக்கர் உள்ளிட்ட மூவர், மக்களின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்ததில், ‘ஐ மீன்’, ‘யு நோ’ போன்றவற்றை அதிகம் சொல்கிறவர்கள் பொறுப்புணர்வு கூடுதலாக உள்ளவர்கள் என்று தெரிந்தது. யோசித்தால் இயல்புதான். கேட்பவருக்குப் புரிந்ததா, தான் சொன்னது சரிதானா என்று கவலைப்படுகிறவருக்குத்தான் ‘அதாவது’ தேவைப்படும். கவலையே இல்லாதவர் மடமடவென்று கொட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தத் தீர்ப்பு யார் மீது விழுகிறது என்பது. முதலில் தலைவர்களைப் பாருங்கள். காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்தார். அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ தெரியும். முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காமல், முடியாது என்று முகத்தில் அடிக்காமல், கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்லும் சொல் அது. பெரியார் ‘வெங்காயம்’ என்றால் வாதம் முடிந்தது. உரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. கருணாநிதியின் கரகரத்த குரலில் ‘உயிரினும் மேலான’ என்று தொடங்கி ‘உடன்பிறப்புகளே’ என்று முடிவதற்குள் மைதானம் அதிரும். எம்ஜிஆருக்கு ‘ரத்தத்தின் ரத்தமான’. லட்சம் பேர் வந்தது அந்த அழைப்பைக் கேட்கவும்தான். இவற்றுக்கு யாரும் கோடு போட்டு எண்ணி அபராதம் கேட்கவில்லை. தலைவர் சொன்னால் முத்திரை, ஆட்டோ ஓட்டுகிறவர் சொன்னால் வாய்ப்பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி இழுத்துப் பேசினால் நிதானம். இந்தப் பக்கம் மனுவோடு நிற்கிறவர் ‘அது வந்துங்கய்யா...’ என்றால் ‘விஷயத்துக்கு வாய்யா’.

அவர் ஏன் இழுக்கிறார்? வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினால் திமிர் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘தப்பா நெனைக்கலைன்னா’, ‘ஒண்ணும் இல்ல சார்’, ‘நான் சொல்லக்கூடாது, இருந்தாலும்’ எல்லாம் அதிகாரம் இல்லாதவர் தற்காப்புக்காகச் சேர்த்துவைத்த சொற்கள். மாமியார் முன்னால் மருமகளும், முதலாளி முன்னால் கணக்குப்பிள்ளையும், மேலதிகாரி முன்னால் காவலரும் இதே சொற்களோடுதான் நிற்கிறார்கள். மேசையை அப்படியே விட்டுவிட்டு அவர்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுப்பது வேடிக்கை. பயிற்சி முடிந்து ‘எனக்கு முதியோர் ஓய்வூதியம் ஏன் நிறுத்தப்பட்டது?’ என்று நிமிர்ந்து கேட்கும் கிழவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று அந்தப் பயிற்சியாளர் ஒருநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்று பார்க்கட்டும்.

வாய்ப்பழக்கம் ஆளுக்கு அடையாளம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச் எப்போதோ கண்டுகொண்டது. வாத்தியார் ஒரு பாடவேளையில் எத்தனை ‘ஆகவே’ போட்டார் என்று நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்ட தலைமுறைகள் உண்டு. டோஸ்ட்மாஸ்டர்ஸ் அதைப் பதவியாக்கியது, பிள்ளைகள் பட்டப்பெயராக்கினார்கள். ‘ஆகவே சார்’ இறந்து முப்பது வருடம் ஆன பிறகும், அவர் நடத்திய பாடம் எல்லாம் மறந்த பிறகும், அந்த ‘ஆகவே’யை அவர் குரலிலேயே சொல்லிக்காட்ட ஆள் இருக்கும். அமெரிக்காவில் இந்த அடையாளம் ஒரு கொலைகாரனையே பிடித்துக்கொடுத்தது. பதினேழு ஆண்டுகளாகத் தபாலில் வெடிகுண்டு அனுப்பிக்கொண்டிருந்த ‘யூனாபாம்பர்’ யார் என்று எஃப்பிஐக்குத் தெரியவில்லை. 1995 செப்டம்பரில் அவனுடைய நீண்ட அறிக்கை வாஷிங்டன் போஸ்டில் வெளியானது. அதைப் படித்த டேவிட் கஸின்ஸ்கி என்பவரை ‘கூல்-ஹெடட் லாஜிஷியன்ஸ்’ என்ற ஒரு சொற்சேர்க்கை நிறுத்தியது. அது அவருடைய அண்ணன் டெட் சொல்லும் சொல். அடுத்த ஏப்ரலில் மொன்டானாவின் ஒரு மரக்குடிலில் டெட் கைதானான். அத்தனை ஆண்டு கைரேகையும் தடயமும் செய்யாத வேலையை ஒரு வாய்ப்பழக்கம் செய்தது. உள்ளீடற்ற சொல்லால் இது முடியுமா?

மருத்துவம் சொல்வது இன்னும் ஆழமானது. பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இருந்தார். பேச்சு போய்விட்டது, எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வெளியே வரும். 1861இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த பால் ப்ரோக்கா, பேச்சுக்கான மூளைப் பகுதியை அடையாளம் காட்டினார். கவிஞர் போதலேர் 1866இல் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவரிடம் மிஞ்சியதும் ஒரு சின்ன வசவுதான். சொந்தமாக வாக்கியம் கட்டும் திறன் போன பிறகும் வாழ்த்து, வசவு, ஒன்று இரண்டு எண்ணுவது, வாய்க்குப் பழகிய சொற்றொடர் ஆகியவை தங்கிவிடுவதை மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். நம் வீடுகளிலும் பக்கவாதம் வந்து படுத்தவர் ‘முருகா’ என்றோ ‘சரி சரி’ என்றோ சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த ஒரு ‘சரி’யிலேயே பசியையும் எரிச்சலையும் நன்றியையும் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்ட மனைவிகள் இருக்கிறார்கள். பயிற்சியாளர் முதலில் பிடுங்கச் சொல்லும் பகுதிதான் மனிதரிடம் கடைசியாக மிஞ்சுகிறது.

மொழி கெடுகிறது என்ற மூன்றாவது புலம்பலில் ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’, ‘ஸோ’ என்ற ஆங்கிலச் சொற்கள்தான் பெரும்பாலும் கூண்டில் நிற்கின்றன. எனக்கும் அவை எல்லாம் இனிப்பதில்லை. ஆனால் அவை தமிழில் புதிதாக ஓர் இடத்தை உடைத்துத் திறக்கவில்லை. ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ‘ஆக்சுவலா’ இன்று இருக்கும் நாற்காலியில் நேற்று ‘வாஸ்தவத்துல’ இருந்தது. அதுவும் வந்த சொல்தான். ‘அதாகப்பட்டது’ என்று கதாகாலட்சேபக்காரர்கள் இழுத்தார்கள். கடிதத்தில் ‘நலம், நலமறிய அவா’வுக்குப் பின் தனியாக ஒரு ‘நிற்க’ போட்டார்கள்; யாரும் எங்கும் நிற்கவில்லை. வெறும் வந்தேறியாக இருந்திருந்தால் ‘ஆக்சுவலி’ என்றே இருந்திருக்கும். ‘சந்தோஷமா’, ‘வேகமா’ என்பது போல அதற்கு ஒரு ‘ஆ’ ஒட்டித் தமிழாக்கியது அந்தப் பிள்ளைகள்தான்.

உண்மையில் கெட்டுப்போகிறது என்று வருந்த வேண்டியது வேறு. யாழ்ப்பாணத்தாரின் ‘பாருங்கோ’, ‘கண்டியளோ’, கொங்கு நாட்டின் ‘ஏனுங்க’, நெல்லையின் ‘வே’, மலேசியத் தமிழரின் ‘லா’ எல்லாமே கேட்பவரை நோக்கி நீளும் சொற்கள். ஒருவர் எந்த ஊர், யாரோடு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு மரியாதை என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி செய்தபோது, வட்டாரப் பேச்சும் அகராதிக்குள் வரத் தகுதியுள்ளது என்பதை நிலைநாட்டினார். ‘சுத்தமான உச்சரிப்பு, சரளமான பேச்சு’ என்ற பயிற்சியில் முதலில் பறிபோவது இவைதான். பிறகு மிஞ்சுவது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, விமான நிலைய அறிவிப்பு போன்ற ஒரு தமிழ்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசும்போது கூடியவரை வகுத்துவைத்த சொற்களையே பயன்படுத்த வேண்டும். அங்கே உயிர் இருக்கிறது. வானொலிச் செய்தியிலும் அப்படியே. மேடையில் பயத்தில் ஒரே சொல்லில் சிக்கித் தவிக்கும் பிள்ளைக்கு உதவி வேண்டும்; ஆனால் அவனுடைய நோய் பயம், ‘வந்து’ அல்ல. அலுவலகங்களில் கேட்கும் ‘நாளைக்கு வாங்க’வைக் கொண்டுவந்து நீட்டினால், அதில் இருக்கும் கேடு பொய்யில் இருக்கிறது. அதையே அழகிய செந்தமிழில் ‘நாளை வருகை தாருங்கள்’ என்று சொன்னாலும் வேலை நடக்காது. உண்மையிலேயே உள்ளீடற்ற வாய்ப்பாடு ஒன்று வேண்டுமா? வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தால் கிடைக்கும். பிரச்சினை தீராமலே ‘வேறு ஏதேனும் உதவி தேவையா?’ என்று கேட்பார்கள். அதைச் சொல்கிறவர் மீது பிழை இல்லை. அந்தச் சொல் அவருடையது இல்லை, மேலிருந்து எழுதிக் கொடுத்தது. ஆச்சரியம் என்னவென்றால், பயிற்சியாளர்கள் இந்த வகைப் பேச்சைத்தான் நல்ல பேச்சு என்று காட்டுகிறார்கள்.

2018 மே மாதம் கூகுள் நிறுவனம் ‘டூப்ளெக்ஸ்’ என்ற இயந்திரக் குரலை மேடையில் அறிமுகம் செய்தது. முடிதிருத்தும் நிலையத்துக்கு அது தானே போன் செய்து நேரம் குறித்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று மறுமுனையில் இருந்த பெண் சொன்னபோது, அந்த இயந்திரம் ‘ம்-ஹ்ம்’ என்றது. அரங்கம் ஆரவாரித்தது. இயந்திரத்தை மனிதராக நம்பவைக்க அந்தப் பொறியாளர்கள் தேடிப்பிடித்துச் சேர்த்தது நாம் அபராதம் போட்டு ஒழிக்கும் அந்த ஒலிகளைத்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதன் பேச்சுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற, பேச்சுக்கே உரிய இணைப்புச் சொற்களை லாவகமாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்று மதிப்பீட்டு விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ‘வெல்’, ‘ஆக்சுவலி’, ‘ஐ மீன்’ எல்லாவற்றையும் எங்கே எப்படிப் போடுவது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மாலையில் அந்த வகுப்பை முடித்து வரும் பிள்ளையிடம், மறுநாள் காலை கல்லூரியில் தமிழ்ப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறவர் சொல்கிறார்: ‘தம்பி, அந்த “அதாவது”வை மட்டும் விட்டுடு.’